அறுபத்திரண்டு பச்சை, ஒரு சிவப்பு

அந்தப் பார்சல் கிடங்கில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் விசிலக்கா. கழுத்தில் ஒரு நாடா, நாடாவின் முனையில் ஓர் எஃகு விசில், காலில் குதிகால் தேய்ந்த பூட்ஸ். மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை அவள் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடம் நின்று பார்த்தவர் கிடையாது. மேற்பார்வையாளராகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒன்பது வருஷமும் ஓட்டம்தான்.

கிடங்கின் வேலை சொல்வதற்கு என்னவோ எளிது. ஒரு பக்கம் லாரிகள் வந்து பார்சல்களைக் கொட்டும். நடுவில் நீளமான பெல்ட் ஓடும். அதன் இருபுறமும் பதினொரு வரிசைகள், ஒவ்வொரு வரிசையும் நகரத்தின் ஒரு பகுதிக்கு. தன் பகுதிக்கு உரிய பார்சலைப் பெல்ட்டிலிருந்து இழுத்து, ஸ்கேன் செய்து, பையில் போட்டு, பை நிரம்பியதும் மறுபக்கம் நிற்கும் வேன்களுக்குத் தள்ளிவிட வேண்டும். ஆறு மணிக்கு வேன்கள் கிளம்பியாக வேண்டும். மதிய ஷிஃப்டில் அறுபத்திரண்டு பேர்.

ஆனால் தினமும் மூன்றேகால் வாக்கில், சொல்லிவைத்தாற்போல், எங்காவது அடைப்பு விழும். பெரும்பாலும் நாலாம் வரிசையில். பார்சல்கள் இடுப்பளவு குவியும். உடனே விசில் பறக்கும்.

"ஏழுலேர்ந்து ரெண்டு பேர் நாலுக்கு வாங்க! சீக்கிரம்!"

அந்த இருவரும் வந்து நாலைக் கரைப்பதற்குள் ஏழு நிரம்பி வழியும். மறுபடியும் விசில். இரண்டிலிருந்து ஏழுக்கு ஆள். அப்புறம் இரண்டில் குவியல். கிடங்கின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அவள் பறந்து பறந்து தீயணைப்பாள். ஐந்து மணிக்கு எல்லாம் ஒருவழியாக அடங்கும்போது தொண்டை கட்டியிருக்கும், முழங்கால் கெஞ்சும். நான் மட்டும் இல்லையென்றால் இந்த இடம் நாறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவாள். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது என்பதை அவள் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டாள்.

அந்த வருஷம் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். கெட்டவர் இல்லை. எதையும் எண்களாகப் பார்க்கிறவர். மூன்று வாரப் புள்ளிவிவரத்தைப் பார்த்துவிட்டு விசிலக்காவைக் கூப்பிட்டார்.

"அடைப்பு பாதிக்கு மேல நாலாவது வரிசைலதான் ஆரம்பிக்குது. அங்க இருக்கிற ஆறு பேருக்கும் கை மந்தம். யாரார எடுத்துடலாம்னு மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுங்க."

"மந்தம்லாம் இல்ல சார்..."

"அப்ப வேற என்ன காரணம்னு சொல்லுங்க."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். நாலாம் வரிசையில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி இருந்தாள், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். எல்லோரும் மாமா என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் இருந்தார், பார்சலைக் கையில் வாங்கும்போதே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். இவர்களில் யாரை எழுதுவது? பத்து நாளாகத் தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனின் தங்கை. பல்கலைக்கழகத்தில் நிறுவனங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விசிலக்காவுக்குக் கல்யாணமான புதிதில், அண்ணிக்குத் துணி மடிக்கத் தெரியவில்லை என்று மாமியாரிடம் போட்டுக்கொடுத்தவள். அதை விசிலக்கா மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வாள்.

"அண்ணி, உங்க கிடங்குல ஒரு ரெண்டு வாரம் ஓரமா உக்காந்துக்கறேன். ஏஜெண்ட் வச்சு ஒரு சிமுலேஷன் பண்ணணும்."

"ஏஜெண்ட்டா? இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்டா?"

"ஐயோ! அது இல்ல. ஒவ்வொரு ஆளையும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு புள்ளியா போடறது. அந்தப் புள்ளிக்கு அந்த ஆளோட பழக்கத்தக் கத்துக்குடுக்கறது. அப்புறம் எல்லாப் புள்ளியையும் ஒண்ணா அவுத்துவிட்டு என்ன ஆகுதுன்னு பாக்கறது. அவ்வளவுதான்."

"என்ன ஆகும்? அடிச்சுக்கும்" என்றாள் விசிலக்கா. இருந்தாலும் மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொடுத்தாள். வேறு காரணம் கிடைத்தால் சொல்லுங்கள் என்று அவர்தானே கேட்டார்.

நாத்தனார் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பதினான்கு நாள் உட்கார்ந்தாள். ஒருத்தர் எத்தனை எட்டு வைத்து ஐந்தாம் வரிசையிலிருந்து ஆறுக்குப் போகிறார் என்று எண்ணினாள். பக்கத்து வரிசையை எப்போது திரும்பிப் பார்க்கிறார்கள், எத்தனை பார்சல் சேர்ந்தால் கையைத் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று குறித்தாள். ஆட்களிடம் போய்ப் பேச்சும் கொடுத்தாள். "உங்க நாத்தனார் எங்க கொட்டாவியக்கூட எண்றாங்க அக்கா" என்று சுருட்டை சிரித்தாள். விசிலக்காவுக்குக் கொஞ்சம் மானம் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு நாத்தனார் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் கிடங்கை மேலிருந்து பார்த்தாற்போல் ஒரு படம். பெல்ட் ஒரு கோடு. வரிசைகள் பதினொரு கட்டங்கள். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பச்சைப் புள்ளிகள் அறுபத்திரண்டு. பார்சல்கள் கடுகு மாதிரி.

"நாலாவது வரிசைல அடைப்பு வரணும்னு எழுதி வச்சிருக்கியா?" என்று முதலிலேயே கேட்டாள் விசிலக்கா.

"அடைப்புங்கற வார்த்தையே உள்ள எங்கயும் இல்ல அண்ணி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏழெட்டுப் பழக்கம். கொஞ்சம் அதிர்ஷ்டம், கொஞ்சம் துரதிர்ஷ்டம். மீதிய அதுங்களே பாத்துக்கும்."

ஓடவிட்டாள். மூலையில் கடிகாரம் வேகமாகச் சுற்றியது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. புள்ளிகள் நகர்ந்தன. முதலில் அவளுக்கு அது எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது. பிறகு ஒரு புள்ளி மற்றவற்றைவிடக் கொஞ்சம் நிதானமாக, ஆனால் ஒரு தடவைகூடப் பை மாற்றிப் போடாமல் வேலை செய்வதைப் பார்த்தாள்.

"இது... மாமாவா?"

"ஆமா."

"இவ சுருட்டை. பாரு, பாரு, பக்கத்துலயே எட்டி எட்டிப் பாக்கறா. அவளேதான்!" விசிலக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

கடிகாரம் மூன்றேகாலைத் தொட்டது. நாலாம் கட்டத்தில் கடுகுகள் சேரத் தொடங்கின. பத்து, இருபது, நாற்பது. பிறகு ஏழு, பிறகு இரண்டு. அடைப்பு ஒரு அலை மாதிரி கிடங்கைச் சுற்றி வந்தது. வெள்ளிக்கிழமை அவள் துரத்திக்கொண்டு ஓடிய அதே அலை. ஒன்பது வருஷமாகத் துரத்தியும் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்திராத அலை. உள்ளே நின்றுகொண்டு யாரால் அதைப் பார்க்க முடியும்?

யாரும் சொல்லாமல், யாரும் நினைக்காமல், அறுபத்திரண்டு சின்னப் பழக்கங்கள் ஒன்றோடொன்று உரசி ஒரு மதியத்தையே உண்டாக்கியிருந்தன. இறந்துபோன யாரோ நேரில் வந்து நின்றதுபோல் அவள் திரையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடு" என்றாள்.

இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை நாலுக்குப் பதில் ஒன்பதில் ஆரம்பித்தது, ஆனால் வந்தது.

"மேலாளர் சொல்றபடி நாலாவது வரிசைல எல்லாரையும் சுறுசுறுப்பாக்கிப் பாப்போம்" என்று நாத்தனார் எதையோ மாற்றினாள். ஆறு புள்ளிகளும் துள்ளின. அடைப்பு ஐந்தில் ஆரம்பித்தது. பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினாள். அடைப்பு இன்னும் பெரிதானது.

"பாத்தியா! மந்தம்னு சொன்னாரே, அவருக்குக் காட்டணும் இத" என்று துள்ளிய விசிலக்காவின் கண்ணில் அப்போதுதான் அது பட்டது. பச்சைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. மற்றவை நகர்ந்தால் அது பாய்ந்தது. நாலுக்கு, ஏழுக்கு, இரண்டுக்கு. குவியல் எங்கேயோ அங்கே.

"இது யாரு, கிறுக்கு மாதிரி ஓடுது?"

நாத்தனார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். திரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். கூடத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த கணவன் தலையைத் தூக்கி, "அது யாருன்னு எனக்கே தெரியுது" என்றான்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவனை அடக்கிவிட்டு அவள் நாத்தனாரிடம் திரும்பினாள். "நானா?"

"ஆமா அண்ணி."

"என்னைய எடுத்துட்டா?"

"அதையும் போட்டுப் பாத்தேன். நூறு தடவ."

"போடு. நானும் பாக்கறேன்."

சிவப்புப் புள்ளி மறைந்தது. மூன்றேகால் வந்தது. நாலாம் கட்டத்தில் கடுகுகள் சேர்ந்தன. பத்து, இருபது, முப்பது. பக்கத்துக் கட்டத்திலிருந்து ஒரு பச்சை இரண்டு எட்டு நகர்ந்து கொஞ்சம் அள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. இன்னொன்று அந்தப் பக்கத்திலிருந்து. குவியல் கரைந்தது. அலை கிளம்பவே இல்லை. மணி நாலு, நாலரை, ஐந்து. பெல்ட் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"நூத்துல தொண்ணூத்தியோரு தடவ இப்படித்தான்" என்றாள் நாத்தனார் மெதுவாக.

விசிலக்கா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நாத்தனார் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அப்ப ஒன்பது வருஷமா நான் ஓடினது?"

"நீங்க தப்பா எதையும் செய்யல அண்ணி. உங்க இடத்துல யார் இருந்தாலும் அதான் செய்வாங்க. ஆனா நீங்க கூப்பிட்ட ஆள் ஸ்கேனரைக் கீழ வச்சுட்டு, பெல்ட்டைச் சுத்தி நடந்து வர மூணு நிமிஷம் ஆகுது. அதுக்குள்ள இங்க நிலைமை மாறிடுது, அங்க காலியாயிடுது. குளிக்கும்போது சுடுதண்ணி வரலன்னு குழாயத் திருகித் திருகி விடுவோமே, அப்புறம் திடீர்னு கொதிக்கக் கொதிக்க வருமே? அந்த மாதிரிதான்."

"திரையில எதுக்கு அவங்களே பக்கத்துக்கு உதவுறாங்க? என் கிடங்குல யாரும் அப்படிச் செஞ்சு நான் பாத்ததில்லையே."

நாத்தனார் கழுவிய தட்டு ஒன்றை எடுத்து அடுக்கினாள். "ஷிஃப்ட் ஆரம்பத்துல நீங்க ஆபீஸ்ல எழுத்து வேலையா இருக்கும்போது செய்யறாங்க. மூணு மணிக்கு மேல செய்யறதில்ல. ஏன்னு கேட்டேன். அதான் விசில் வந்துடுமே, நாமளா எதுக்குப் போகணும்னாங்க."

இது திரையில் பார்த்ததைவிட ஆழமாகத் தைத்தது. குழாயை மூடிவிட்டு ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். கோபம் யார்மேல் என்று தேடிப் பார்த்தாள். யாரும் அகப்படவில்லை. கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்த அலை. அது இல்லாமல் போன மதியம். அதை நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சும்மா நிக்கறதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

"மூணே நாள் குடுங்க சார். சரிவரலன்னா நீங்க கேட்ட பேரை எழுதிடறேன்."

செவ்வாய்க்கிழமை மதியம் ஷிஃப்ட் தொடங்கும்போது அறுபத்திரண்டு பேரையும் கூட்டினாள். "இன்னிக்கு விசில் வராது. பக்கத்துல நிறைஞ்சா ஒரு கை குடுத்துட்டு உங்க எடத்துக்கு வந்துடுங்க. தூரமா யாரும் போக வேண்டாம்." யாரோ பின்னாலிருந்து, "அக்காவுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்கள்.

முதல் நாள் அவளே கெடுத்தாள். மூன்று இருபத்தைந்துக்கு நாலாம் வரிசைக் குவியல் முழங்காலைத் தாண்டியது. சுருட்டை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. விசில் தானாக வாய்க்குப் போய்விட்டது. அப்புறம் என்ன, வழக்கம்போல் நாலு, ஏழு, இரண்டு.

"பரவால்ல அண்ணி" என்றாள் நாத்தனார்.

"பரவால்லயாம்!" என்று சீறினாள் விசிலக்கா. பஸ்ஸில் நாத்தனாரை விட்டு மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை விசிலைக் கழற்றி நாத்தனார் கையில் கொடுத்துவிட்டாள். சுவரோரம் இரும்புப் படி ஒன்று மேலே போகும். அதன் உச்சியில் விளக்கு மாற்றுகிறவர்கள் மட்டும் நிற்கும் சின்ன மேடை. நாத்தனாரோடு அங்கே ஏறி நின்றுகொண்டு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் கிடங்கை அவள் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததில்லை.

மூன்று பதினெட்டு. நாலில் பார்சல்கள் சேர்ந்தன. முழங்கால் அளவு. சுருட்டை மேலே பார்த்தாள். விசிலக்கா தலையைக்கூட அசைக்கவில்லை. தொடை அளவு. பெல்ட்டில் பார்சல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே படியின் பக்கம் திரும்பின. கம்பியை இன்னும் இறுக்கினாள்.

"நான் போகட்டுமா? போகட்டுமாடி?"

"இன்னும் ஒரே நிமிஷம் அண்ணி."

அப்போது ஐந்தாம் வரிசையிலிருந்து ஒருவன் திரும்பினான். தன் பையை ஓரமாக நகர்த்தினான். இரண்டே எட்டு. நாலின் குவியலிலிருந்து ஏழெட்டுப் பார்சலை வாரி மாமாவின் பக்கம் தள்ளினான். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பையைப் பார்க்காமலே, சரியான பையில் போட்டார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருத்தி வந்தாள், கொஞ்சம் எடுத்தாள், போனாள். ஐந்தில் சற்றே சேர்ந்ததை ஆறிலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கீழே ஒரு பெரிய மூச்சு மெதுவாக வெளியேறியதுபோல் குவியல் தணிந்தது.

ஏழில் ஒன்றும் வரவில்லை. இரண்டில் ஒன்றும் வரவில்லை.

விசிலக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். சாயங்காலம் பறவைக் கூட்டம் வானத்தில் ஒட்டுமொத்தமாகத் திரும்பும்போது எந்தப் பறவை முதலில் திரும்பியது என்று சின்ன வயதில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடியதுண்டு. கண்டுபிடித்ததே இல்லை. அது இங்கேயும் இருந்திருக்கிறது. இந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பசைநாடாவும் அட்டைத்தூசும் நாறுகிற இந்த இடத்தில், தினமும் அவள் காலடியில். அவள்தான் அதைக் குறுக்கே ஓடி ஓடிக் கலைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. அவமானம் இல்லை. அவ்வளவு அழகாக ஒன்றைப் பார்த்தால் வருமே, அது.

"அண்ணி?" நாத்தனார் அவள் கையைத் தொட்டாள்.

"பேசாதே. பாரு."

வியாழக்கிழமை மேலாளரே மேடைக்கு வந்துவிட்டார். அன்றைக்கென்று இரண்டு லாரிகள் முக்கால் மணி நேரம் தாமதித்து ஒன்றாக வந்து சேர்ந்தன. அடைப்பு விழுந்தது. பெரிய அடைப்பு. மேலாளர் புருவத்தை உயர்த்தினார்.

"நூத்துல ஒன்பது சொன்னேனே சார், அதுல ஒண்ணு" என்றாள் நாத்தனார். "இந்த மாதிரி லாரி வந்தா விசில் இருந்தாலும் இல்லாட்டியும் அடைக்கும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்திரண்டு நிமிடத்தில் கீழே எல்லாம் தானாகச் சரியாயிற்று. முன்பெல்லாம் இந்த மாதிரி நாளில் அடைப்பு தீர ஒன்றரை மணி நேரம் ஆனதை அவருடைய புள்ளிவிவரமே சொல்லும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னே சாய்ந்து, பள்ளிக்கூடப் பையன் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் நாலாம் வரிசையையே பார்த்தார்.

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

விசிலக்கா சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். மடிப்பு பிய்ந்திருந்தது, எழுத்து எதுவும் இல்லை. அவர் அதை வாங்கிக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி. அப்ப உங்களுக்கு என்ன வேலை?"

"அதத்தான் சார் நானும் ரெண்டு நாளா யோசிக்கறேன்."

யோசித்தது வீண்போகவில்லை. லாரிகள் ஒன்றாக வரும் நாளுக்கு முன்கூட்டியே என்ன செய்வது என்று இப்போது அவளுக்கு உட்கார்ந்து பார்க்க நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரும் அவளும் மேசையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "உன் புள்ளிக்கெல்லாம் முதுகு வலிக்கறதே இல்ல. நாலு மணிக்கு மேல எல்லாருக்கும் குனியறது கொறையும். அதச் சேரு" என்பாள் விசிலக்கா. நாத்தனார் சேர்ப்பாள். சேர்த்ததும் திரையில் மதியம் இன்னும் அசலாக மாறும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கணவனும் எட்டிப் பார்ப்பான். அவனுக்கு அறுபத்திரண்டு பேரின் பட்டப்பெயரும் மனப்பாடம் ஆகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து நகரத்தின் மறுகோடியிலிருந்த பெரிய கிடங்கிலிருந்து, தங்கள் அடைப்பையும் வந்து பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. நானூறு பேர், முப்பது வரிசை. இருவரும் போனார்கள். அங்கே மேடைக்குப் பதில் கண்ணாடி போட்ட அறையே இருந்தது. விசிலக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். அறிமுகமில்லாத முகங்கள், அறிமுகமில்லாத பெல்ட். ஆனால் பத்து நிமிடத்தில் அலை அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டாம் வரிசையில் கிளம்பியது, இருபத்திரண்டுக்குத் தாவியது, ஐந்துக்குப் போனது. முப்பது வரிசைக்கும் மேலாக, மழைக்கு முன் புல்வெளியில் காற்று ஓடுவதுபோல் அது ஓடியது. எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அது பழகவில்லை.

அதன் பின்னால் ஓர் ஆள் ஓடிக்கொண்டிருந்தான். முதுகு பூரா வியர்வை, ஒரு கையில் வாக்கி-டாக்கி, மறு கையை விரித்து யாரையோ அதட்டிக்கொண்டு.

"எப்படி அண்ணி சொல்றது அவர்கிட்ட?" என்று நாத்தனார் கவலையோடு கேட்டாள்.

"நீ இரு. நான் போறேன்."

படி இறங்கிப் போனாள். அவன் பக்கத்தில் வந்து மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்தாள். பிறகு அவன் தோளைத் தொட்டாள்.

"தம்பி, ஒரு ரெண்டு நிமிஷம் மேல வாங்க. உங்க ஆளுங்க என்ன அழகா ஒரு காரியம் பண்றாங்கன்னு காட்டறேன்."

"இப்பவா? அடைச்சுட்டு கெடக்கு, தெரியலயா?"

"தெரியுது" என்றாள் அவள். "அதனாலதான் கூப்பிடறேன். வாங்க."